படிகத்தைத் தானே தேடிப் படம்பிடிக்கும் யந்திரம்

இந்தூர் நகரில் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்கு, அந்நகரின் ஓரத்தே அமைந்துள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தின் பெயர் புதிதன்று. அம்மையத்தின் மதில்களுக்குள்ளே ‘இண்டஸ்-2’ என்னும் வளையம் ஒன்று உண்டு. 172.5 மீட்டர் சுற்றளவுள்ள அந்தக் குழாயிலிருந்து காற்று அறவே நீக்கப்பட்டிருக்கிறது. அவ்வெற்றிடத்தில் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில், நொடிக்குப் பதினேழு லட்சம் தடவை சுற்றி வருகின்றன. காந்தங்கள் அவற்றை வளைத்துத் திருப்பும் இடங்களிலெல்லாம் அவை ஒளியை உமிழ்கின்றன. அந்த ஒளியில் எக்ஸ்-கதிர்களும் அடங்கும். இவ்வகை வளையத்துக்குச் சிங்க்ரோட்ரான் என்று பெயர். வளையத்தைச் சுற்றிலும், கோயில் மதிலில் வாயில்கள் இருப்பதுபோல, ஒளியை வெளியே எடுக்கும் கிளைகள் பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் புரதப் படிகங்களை ஆராய்வதற்கென்றே அமைத்தது.

புரதப் படிகத்தை எக்ஸ்-கதிரில் வைத்துப் பார்ப்பது எதற்காக, அந்த வேலையை இன்று மனிதர் கை படாமலே யந்திரங்கள் செய்வது எங்ஙனம், அதனால் நமக்கு ஆகக்கூடியது என்ன என்பவற்றைக் குறித்துச் சிறிது சொல்ல விரும்புகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுள் யாரேனும் சண்டிகரிலோ புனாவிலோ ஹைதராபாத்திலோ இத்துறையில் ஆராய்ச்சி மாணவராக இருக்கக்கூடும். அப்பிள்ளை நடுநிசியில் கணிப்பொறியின் முன் கண் விழித்து அமர்ந்திருப்பதன் காரணமும் இதனால் ஒருவாறு விளங்கலாம்.

நம் உடலில் நடைபெறும் காரியங்களில் பெரும்பாலானவற்றை நடத்துபவை புரதங்கள். பிராண வாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் ஒரு புரதம். இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஆளும் இன்சுலினும் புரதமே. ஒவ்வொரு புரதத்துக்கும் தனி உருவம் உண்டு. உருவம் எப்படியோ தொழிலும் அப்படி. நோய்க் கிருமியின் புரதம் ஒன்றின் உருவம் தெரிந்துவிட்டால், அதன் பள்ளத்தில் சென்று பொருந்தி அதனை முடக்கும் மருந்தைத் தேடுவது எளிதாகும். பூட்டின் உள்ளமைப்பை அறிந்தவன் சாவி செய்வதைப் போன்றது இது. உலகிலுள்ள காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் நாட்டவர். ஆகவே காசநோய்க் கிருமியின் புரதங்களைப் பற்றிய ஆராய்ச்சியை நாம் வேடிக்கைக் கல்வியாக எண்ண இயலாது.

ஆனால் புரதத்தின் உருவத்தைக் கண்ணால் காண இயலாது. மிகச் சிறந்த ஒளி நுண்நோக்கியாலும் இயலாது. அணுவுக்கும் அணுவுக்கும் உள்ள இடைவெளி ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஓரிரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலையோ அதனைப்போல் சில ஆயிரம் மடங்கு நீளமானது. முறத்தால் ஊசியை எடுக்க முயல்வது போலாகும் அது. எக்ஸ்-கதிரின் அலை நீளம் மட்டுமே அணு இடைவெளிக்கு ஒத்தது. ஒரே ஒரு புரத மூலக்கூற்றின்மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினாலும் பயனில்லை. அதிலிருந்து சிதறும் கதிர் அத்துணை மெலிது. கோடானுகோடி மூலக்கூறுகள் வரிசை தவறாமல் அணிவகுத்து நின்றால்தான் அவற்றின் சிதறல்கள் ஒன்று கூடிப் புள்ளிகளாகத் தெரியும். தனி ஒருவர் முணுமுணுப்பது நம் செவிக்கு எட்டாது. கோயில் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் ஒரே சொல்லைச் சொன்னால் தெருக்கோடி வரை கேட்கும் அல்லவா? அவ்வாறு அணிவகுத்து நிற்கும் மூலக்கூறுகளின் தொகுதியே படிகம்.

படிகங்கள் எக்ஸ்-கதிரைப் புள்ளிக் கோலமாகச் சிதறச் செய்யும் என்பது 1912-ம் ஆண்டில் ஜெர்மனியில் மாக்ஸ் வான் லாவேயின் முயற்சியால் தெரிய வந்தது. அப்புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் அமைப்பைக் கணக்கிடும் வழியை பிராக் என்னும் தந்தையும் மகனும் காட்டினர். உப்பு, வைரம் போன்ற எளிய பொருள்களுக்கு இது விரைவில் பலித்தது. புரதமோ எளிதில் வசப்படவில்லை. 1934-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பெர்னாலும் டோரதி கிரோஃபுட் அம்மையாரும் பெப்ஸின் என்னும் செரிமானப் புரதத்தின் படிகத்தை, அது உலர்ந்துவிடாமல் அதன் தாய்நீரோடு கண்ணாடிக் குழலில் வைத்துப் படமெடுத்தார்கள். புரதப் படிகத்தில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். தண்ணீர் போனால் அணிவகுப்பும் போயிற்று. இந்த அம்மையாரே பின்னர் டோரதி ஹாட்ஜ்கின் என்று புகழ்பெற்றவர். இன்சுலினின் உருவத்தை 1969-ல் கண்டறிந்தவர். அப்பணியில் அவருடன் உழைத்தவர்களுள் எம். விஜயன் ஒருவர். அவரே பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இத்துறையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தார்.

பொறுமை என்றால் என்ன என்பதற்கு மாக்ஸ் பெருட்ஸைக் காட்டலாம். ஹீமோகுளோபின் வேலையை அவர் 1937-ல் தொடங்கினார். முதல் உருவம் கிடைத்தது 1959-ல். இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள்! ஒவ்வொரு புகைப்படத்துக்கும் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான புள்ளிகளின் கருமையை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும்.

நிலைமையை மாற்றியது சிங்க்ரோட்ரான் ஒளி. இதன் கதை வேடிக்கையானது. எலக்ட்ரான்களை விரைவுபடுத்தி மோத விட்ட அணுக்கரு விஞ்ஞானிகளுக்கு இந்த ஒளி வேண்டாத நஷ்டமாகவே இருந்தது. அவர்கள் அரும்பாடுபட்டு எலக்ட்ரானுக்கு ஊட்டிய சக்தி, வளைவுகளில் ஒளியாகக் கசிந்து வீணாயிற்று. அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு உணவாவது போல, அந்தக் கசிவை வேறு துறையினர் பயன்படுத்திக்கொண்டார்கள். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு வளையத்தின் கதிரைப் புரதப் படிகத்தின்மேல் பாய்ச்சிய பரிசோதனை 1976-ல் வெளியாயிற்று. பின்னர் ஒளிக்காகவே வளையங்கள் கட்டப்பட்டன. பிரான்ஸ் நாட்டில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து கிரெனோபிள் நகரில் 844 மீட்டர் சுற்றளவுள்ள ஐரோப்பியக் கூட்டு வளையம் 1994 முதல் இயங்கி வருகிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ‘டைமண்ட்’ என்னும் வளையம் 2007-ல் ஆராய்ச்சியாளர்க்குத் திறக்கப்பட்டது.

இந்த வளையங்களில் படிகத்தின்மேல் விழும் எக்ஸ்-கதிர்த் துளிகள் நொடிக்கு ஒரு லட்சம் கோடி என்ற கணக்கில் இருக்கும். அதே காலத்தில் படமெடுக்கும் கருவியும் முன்னேறிற்று. புகைப்படச் சுருள் போய், ஒளித் துளிகளை ஒவ்வொன்றாக எண்ணும் சிலிக்கான் பலகைகள் வந்தன. ஸ்விட்ஸர்லாந்தில் உருவான அத்தகைய பலகை ஒன்றில் அறுபது லட்சம் கட்டங்கள் உண்டு. படிகத்தைப் பாகையில் பத்தில் ஒரு பங்காகத் திருப்பித் திருப்பி அரை வட்டம் சுற்றினால் 1,800 படங்கள் ஆகும். நொடிக்கு நூறு படம் எடுக்கும் பலகை அவற்றைப் பதினெட்டு நொடியில் முடித்துவிடும்.

இங்கேதான் எதிர்பாராத ஒரு சிக்கல் தோன்றிற்று. எக்ஸ்-கதிர் உயிருக்கு ஆபத்தானது. ஆகவே படிகம் இருக்கும் அறைக்குக் கனத்த ஈயச் சுவர். படிகத்தை மாற்ற வேண்டுமானால் கதிரை நிறுத்தி, கதவைத் திறந்து, உள்ளே சென்று, பழைய படிகத்தை எடுத்துப் புதியதை வைத்து, அறையில் எவரும் இல்லை என்பதைச் சுற்றிப் பார்த்து உறுதி செய்து, வெளியே வந்து பூட்டிய பிறகே கதிரை மீண்டும் திறக்கலாம். இதற்குப் பல நிமிஷங்கள் ஆகும். படம் எடுக்க மணிக்கணக்கான காலத்தில் இந்த நிமிஷங்களை யாரும் பொருட்படுத்தவில்லை. படம் பதினெட்டு நொடியில் முடிந்துவிடும் காலத்திலோ, கோடிக்கணக்கான பொருட்செலவில் கட்டிய வளையம் மனிதன் கதவைத் திறந்து மூடும் வரையில் சும்மா காத்துக்கிடந்தது. மனிதனே தடையாகி நின்றான்.

யந்திரக் கை புகுந்தது இந்த இடத்தில்தான். அதற்கு வழி செய்து கொடுத்தது குளிர். எக்ஸ்-கதிர் புரதத்தை அழிக்கிறது. ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே 173 பாகை வரை குளிர்வித்துவிட்டால் படிகம் பல பத்து மடங்கு நேரம் தாங்குகிறது. ஆகவே நைலான் இழையாலான சிறு கண்ணியில் படிகத்தைக் கோதி எடுத்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று அமிழ்த்துகிறார்கள். கண்ணி ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் இருக்கும். குச்சியின் அடியில் இரும்புத் தொப்பி. அந்தத் தொப்பியைக் காந்தம் பற்றிக்கொள்ளும். இத்தகைய குச்சிகள் பத்தோ பதினாறோ அடங்கும் வட்டப் பெட்டிகள் உண்டு. குச்சியின் நீளமும் தொப்பியின் அளவும் இவ்வளவு என்று பல நிலையத்தாரும் கூடி உடன்படிக்கை செய்துகொண்டது பெரிய காரியம். ரயில் பாதையின் அகலம் எங்கும் ஒன்றாயிருந்தால்தானே வண்டி தடையின்றி ஓடும்? இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டிலும் ஐரோப்பிய வளையங்களிலும் யந்திரக் கைகள் இந்தக் குச்சிகளை நைட்ரஜன் தொட்டியிலிருந்து எடுத்து, கதிரின் வழியில் வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப வைக்கத் தொடங்கின. நுண்நோக்கியின் வழியே படிகத்தைத் தேடி நடுவில் நிறுத்தும் வேலை மட்டும் நெடுநாள் மனிதன் கையிலேயே இருந்தது.

இப்போது கிரெனோபிளிலுள்ள ஒரு குறிப்பிட்ட கிளையைப் பார்ப்போம். ‘மாஸிஃப்-1’ என்று அதற்குப் பெயர். 2014-ல் திறக்கப்பட்டது. தேடுவதையும் தீர்மானிப்பதையுங்கூட அங்கே யந்திரமே செய்கிறது. படிகத்தின் சொந்தக்காரர் அங்கே வருவதில்லை. பெட்டியை அனுப்பி வைத்தால் போதும்.

முதலில் யந்திரம் காமராவைக் கொண்டு கண்ணியைக் காண்கிறது; அதனைச் சுழற்றிப் பார்த்து, அதன் அகன்ற முகம் கதிரை நோக்குமாறு நிறுத்துகிறது. கண்ணி எங்கே இருக்கிறது என்று இதனால் தெரியும். படிகம் எங்கே என்று தெரியாது. உறைந்த திரவம் வில்லையைப் போல ஒளியை வளைப்பதால், படிகம் ஓரிடத்தில் இருக்க வேறிடத்தில் இருப்பதுபோல் தோன்றும். சில சமயம் தோன்றவே தோன்றாது. நீருக்குள் கிடக்கும் காசு இடம் மாறித் தெரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆகவே யந்திரம் ஒளியை நம்புவதில்லை. எக்ஸ்-கதிரையே குருடனின் கோல்போல் பயன்படுத்துகிறது. கண்ணியின் பரப்பைச் சிறு சிறு கட்டங்களாக மனத்தில் வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மிக மெல்லிய கதிரை ஒரு கணம் பாய்ச்சிப் பார்க்கிறது. புள்ளிகள் தோன்றினால் அங்கே படிகம் உண்டு. புள்ளிகள் எத்தனை, எவ்வளவு தெளிவு என்று மதிப்பெண் இட்டு, மிகுந்த மதிப்பெண் பெற்ற கட்டத்தைத் தேர்கிறது. பின்னர்த் தொண்ணூறு பாகை திருப்பி ஒரு கோட்டின் வழியே மீண்டும் தடவிப் பார்த்துப் பருமனையும் அறிந்துகொள்கிறது. படிகம் சிறியதாயிருந்தால் கதிரின் அகலத்தையும் சுருக்கிக்கொள்கிறது.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. புரதப் படிகத்துக்கு மட்டும் அது பொருந்தாது. ஒரே துளியில் அருகருகே விளைந்த இரண்டு படிகங்களில் ஒன்று நேர்த்தியான புள்ளிகளைத் தரும்; மற்றொன்று மங்கலான கறையைத் தரும். பார்வைக்கு அழகியதாய், விளிம்புகள் கூரியதாய் இருப்பது உள்ளே குலைந்திருக்கலாம். ஒடிந்த சில்லுப்போல் கிடப்பது சிறந்ததாய் இருக்கலாம். மனிதன் சோதித்த காலத்தில், வளைய நேரம் அருமையாக இருந்தபடியால், அழகியவற்றையே பொறுக்கி எடுத்துச் சோதித்தான். யந்திரத்துக்கு அழகில் பற்றில்லை, களைப்பும் இல்லை. பெட்டியிலுள்ள ஒவ்வொரு சோற்றையும் அது பதம் பார்க்கிறது. என் மதிப்பில், வேகத்தைக் காட்டிலும் இந்தப் பாரபட்சமின்மையே இக்கருவியின் தலையாய நன்மை.

படிகம் அகப்பட்டதும் உடனே முழுப் படத்தொகுதியை எடுத்துவிடுவதில்லை. ஒவ்வொரு கதிர்த் துளியும் படிகத்தைச் சிறிது அழிக்கிறது. உடல் உறிஞ்சும் கதிரை அளக்கக் கிரே என்னும் அலகு உண்டு. உடல் முழுதும் நான்கைந்து கிரே பட்டால் மனிதன் உயிர் பிழைப்பது அரிது. குளிரில் உறைந்த புரதப் படிகமோ மூன்று கோடி கிரே வரையில் தாங்கும் என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த எல்ஸ்பெத் கார்மன் அம்மையாரும் உடன் உழைத்தோரும் 2006-ல் அளந்து கூறினார்கள். அளவு பெரியதுதான், ஆனால் இன்றைய கதிரின் உக்கிரத்தில் அந்த எல்லையைச் சில நொடிகளிலேயே எட்டிவிடக்கூடும். படிகத்துக்கு இருப்பது ஒரே ஆயுள். அதனைத் திட்டமிட்டுச் செலவழிக்க வேண்டும்.

அந்தத் திட்டத்தை வகுப்பதும் யந்திரமே. முதலில் வெவ்வேறு கோணங்களில் சில படங்கள் மட்டும் எடுக்கிறது. அவற்றின் புள்ளிகளைக் கொண்டு படிகத்தின் அடிப்படைக் கட்டத்தின் அளவையும், அதன் சமச்சீர்மையையும் கணக்கிடுகிறது. சமச்சீர்மை என்பது வாசலில் கோலம் போடும் பெண்களுக்கு நன்கு தெரிந்தது. நான்கு புறமும் ஒத்த கோலத்தில் ஒரு கால் பாகத்தைப் பார்த்தால் மற்ற முக்கால் பாகத்தையும் சொல்லிவிடலாம். அதுபோலவே, சமச்சீர்மை மிகுந்த படிகத்தைச் சிறிதளவு சுழற்றினால் போதும். குறைந்ததை முழு அரை வட்டமும் சுழற்ற வேண்டும். எந்தக் கோணத்தில் தொடங்கி எதுவரை செல்வது, எவ்வளவு உக்கிரமான கதிரை எத்தனை நேரம் பாய்ச்சுவது என்பனவற்றை, படிகத்தின் ஆயுள் கணக்கையும் சேர்த்து, சில நொடிகளில் தீர்மானிக்கிறது. இத்தீர்மானத்துக்கு முற்காலத்தில் அனுபவசாலி ஒருவர் அருகிலிருக்க வேண்டும். இரவு மூன்று மணிக்கு அவர் அரைத் தூக்கத்தில் சொன்ன கோணம் தவறிப்போய், ஓராண்டு உழைத்து வளர்த்த படிகம் வீணானதும் உண்டு.

படங்கள் எடுத்து முடியும்போதே வேறொரு கணிப்பொறித் தொகுதி அவற்றைப் படிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான படங்களிலுள்ள லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு முகவரியும் வலிமையும் குறித்து ஒரு பட்டியலாக்குகிறது. இதற்கு அடிப்படையான கணித முறைகளை வகுத்தவர்களில் ஜெர்மானியரான வுல்ஃப்காங் கபுஷ் குறிப்பிடத்தக்கவர். எந்தப் பெட்டியின் எந்தக் குச்சியில் என்ன கிடைத்தது என்பதும் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. முற்காலத்தில் இது பேனாவால் எழுதிய நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. பக்கத்தில் காப்பிக் கறை படிந்து எண் தெரியாமற்போனதாகவும் கேள்வி.

இருந்தும், பட்டியல் கிடைத்த மாத்திரத்தில் உருவம் கிடைத்துவிடாது. புள்ளியின் வலிமையைப் பலகை அளக்கும். அந்த அலை எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதை அளக்காது. இந்தக் குறையை நீக்குவதற்கான வழிகளில் ஒன்று சென்னையில் உதித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ஜி. என். ராமச்சந்திரன், எஸ். ராமன் என்பவருடன் சேர்ந்து, சில அணுக்கள் குறிப்பிட்ட அலை நீளத்தில் எக்ஸ்-கதிரைச் சிதறச் செய்வதில் காட்டும் வேறுபாட்டைக் கொண்டு அந்நிலையைக் கண்டுபிடிக்கலாம் என்று 1956-ல் எழுதினார். வேண்டிய அலை நீளத்தைத் தேர்ந்தெடுக்க இயலும் சிங்க்ரோட்ரான்கள் வந்த பிறகு இவ்வகை முறைகள் உலகெங்கும் பரவின. அதே பேராசிரியர் குழுவினர் 1963-ல் வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இன்றும் நிலைத்திருக்கிறது. எந்த நாட்டில் எவர் புரத உருவத்தைக் கண்டாலும், அது பிழையற்றதா என்று பார்க்கும் சோதனைகளில் அந்த வரைபடமும் ஒன்று. யந்திரங்கள் தாமே உருவம் சமைக்கும் இக்காலத்தில் அந்தச் சோதனையையும் யந்திரமே செய்கிறது.

வெளி மாநிலத்தில் வளர்ந்த தமிழர் ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிதம்பரத்தில் 1952-ல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் பரோடாவுக்குச் சென்று, அங்கேயே பள்ளிப் படிப்பையும் பட்டப் படிப்பையும் முடித்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். உயிரணுவில் புரதங்களைச் செய்யும் ரைபோசோம் என்னும் பெருங்கருவியின் சிறு பாகத்தை அவர் குழுவினர் 2000-ம் ஆண்டில் அணு அளவில் வெளிப்படுத்தினர். அதற்கு வேண்டிய படங்களைச் சிக்காகோவுக்கு அருகேயுள்ள ஆர்கான் வளையத்திலும் எடுத்தார்கள். யந்திரக் கைகள் பரவாத காலம் அது. படிகம் படிகமாகச் சோதித்துத் தேர்ந்து, இரவு பகலாக முறை வைத்து உழைக்க வேண்டியிருந்தது. தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். இண்டஸ்-2 நமக்குச் சொந்தமானது. அதன் பயன் பெரிது. ஆயினும் மிகச் சிறிய படிகங்களுக்கு அதனினும் உக்கிரமான கதிர் தேவைப்படுகிறது. ஆகவே நம் ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டு வளையங்களையும் நாடுகிறார்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிரெனோபிளின் ஒரு கிளையை நடத்துவதில் நம் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை பங்கு கொண்டிருந்தது. 2017-ல் இந்தியா அவ்வளையத்தின் விஞ்ஞான இணை நாடாகச் சேர்ந்தது. விமானச் சீட்டு, விசா, தங்குமிடம் என்று ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு ஆகும் செலவை எண்ணினால், பெட்டியை மட்டும் அனுப்புவது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது விளங்கும். வசதி குறைந்த கல்லூரியின் மாணவியும், கேம்பிரிட்ஜ் மாணவனும் ஒரே வரிசையில் நிற்க இது வழி செய்கிறது. வீட்டிலிருந்தவாறே கணிப்பொறி வழியாகத் தொலைவிலிருந்து கருவியை ஆட்டுவிக்கவும் பல வளையங்களில் வசதி உண்டு. பிரான்ஸ் நேரம் நம் நேரத்துக்குக் குளிர்காலத்தில் நான்கரை மணி பிந்தியது. நம் வீட்டுப் பிள்ளை நடுநிசியில் விழித்திருப்பதன் காரணம் இதுதான்.

பெட்டி போகும் வழி மட்டும் யந்திரத்தின் கையில் இல்லை. படிகங்களை வைத்தனுப்பும் பாத்திரத்தின் உட்சுவர் திரவ நைட்ரஜனைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருக்கும். கொட்டுவதற்குத் திரவம் இராது என்பதால் விமானத்தில் ஏற்றுவார்கள். குளிர் ஏறத்தாழப் பத்து நாள் நிற்கும். வழியில் சுங்கத்தார் ஐயுற்றுத் திறந்துவைத்தாலோ, தாள்கள் சரியில்லை என்று கிடங்கில் பத்து நாள் போட்டுவைத்தாலோ உள்ளே இருப்பது வெறும் கண்ணிகளே. கடலுக்கு அப்பால் கடைசி நொடி வரை கணக்கிட்டு வேலை செய்யும் யந்திரம் காத்திருக்க, இப்பால் ஒரு முத்திரைக்காகப் படிகம் அழிந்துபோவது நம் கவனத்துக்குரியது. இவ்வகைப் பாத்திரங்களைத் தாமதமின்றி அனுப்புவதற்கு ஒரு நிலையான ஏற்பாடு செய்வது புது வளையம் கட்டுவதைக் காட்டிலும் மிகக் குறைந்த செலவில் முடியக்கூடியது.

தானே இயங்கும் கருவியின் அருமை 2020-ல் வெளிப்பட்டது. கொரோனாக் கிருமியின் முக்கியப் புரதங்களுள் ஒன்றின் உருவத்தைச் சீன விஞ்ஞானிகள் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே கண்டு வெளியிட்டார்கள். அந்தப் புரதத்தை எதனால் முடக்கலாம் என்பது அடுத்த கேள்வி. டைமண்ட் நிலையத்தார் 1,250-க்கு மேற்பட்ட சிறு மூலக்கூறுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு படிகத்தில் ஊறவைத்து, படிகம் படிகமாகப் படம்பிடித்தார்கள். அவற்றில் 74 மூலக்கூறுகள் புரதத்தில் ஒட்டியிருக்கக் கண்டார்கள். இங்கிலாந்து முழுவதும் ஊரடங்கிக் கிடந்த நாட்களைச் சூழ்ந்து நடைபெற்ற வேலை இது. முடிவுகளை மறைக்காமல் உலகத்தார் அனைவரும் காணுமாறு உடனுக்குடன் வெளியிட்டார்கள். இதிலிருந்தே மருந்து நேரே வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. மருந்து தேடுவோர்க்கு எங்கெங்கே பிடி உண்டு என்று காட்டியது இப்பணி. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகங்களைக் கையால் மாற்றி வைத்திருந்தால் இது அத்தனை விரைவில் முடிந்திராது.

இவ்வளவையும் கேட்டபின், மாணவர்கள் தொழிலை மறந்துவிடமாட்டார்களா என்ற ஐயம் எழலாம். பழைய ஆசிரியர்கள் பலருக்கு இந்த ஐயம் உண்டு. அது வெறும் முதுமைப் புலம்பலன்று. இரண்டு படிகங்கள் ஒட்டிப் பிறந்திருந்தால் புள்ளிகள் இரட்டையாக விழும். அடிப்படைக் கட்டம் மிக நீண்டிருந்தால் புள்ளிகள் ஒன்றன்மேலொன்று ஏறும். இத்தகைய முரட்டுப் படிகங்களில் யந்திரம் பொதுவிதிப்படி நடந்து தவறான சமச்சீர்மையைச் சொல்லிவிடுவதும், ‘ஒன்றுமில்லை’ என்று கைவிடுவதும் நிகழும். படத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தவனுக்கே அந்தத் தவறு தெரியும். எடுத்த படங்கள் அப்படியே சேமிக்கப்படுவதால், அறிந்தவர் ஒருவர் மீண்டும் கணக்கிட்டுத் திருத்த வழியிருக்கிறது. ஆனால் அறிந்தவர் ஒருவர் வேண்டும். எனவே ஒவ்வொரு மாணவரும் தொடக்கத்தில் ஒரு முறையேனும் இந்தூர் போன்ற நம் நாட்டு நிலையத்தில் கதிரின் எதிரே படிகத்தைத் தாமே பொருத்தி, கோணத்தைத் தாமே தேர்ந்து, தவறு செய்தும் பழகுவது நல்லது. தையல் யந்திரம் வந்த பிறகும் ஊசியால் தைக்கத் தெரிந்தவளே கிழிசலைச் சரியாக ஒட்டுப் போடுகிறாள்.

வேறொரு கேள்வியையும் அண்மையில் பலர் கேட்கிறார்கள். புரதத்தின் உருவத்தைக் கணிப்பொறியே ஊகித்துச் சொல்லிவிடுகிறதே. அதற்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் 2024-ல் நோபல் பரிசில் பங்குகூடக் கொடுத்துவிட்டார்களே. இனிப் படிகம் எதற்கு? அந்த ஊகம் வியக்கத்தக்கதே. ஆனால் அக்கணிப்பொறிக்குப் பாடம் புகட்டியவை, 1971-ல் ஏழே உருவங்களுடன் தொடங்கி 2023-ல் இரண்டு லட்சத்தைத் தாண்டிய பொதுக் களஞ்சியத்தின் உருவங்கள். அவற்றில் பெரும்பாலானவை படிகங்களிலிருந்து கிடைத்தவை. மேலும், ஒரு புது மருந்து புரதத்தின் எந்த மூலையில் எவ்வாறு சாய்ந்து அமர்ந்திருக்கிறது என்பதை ஐயமின்றி அறியப் பரிசோதனை வேண்டியிருக்கிறது. ஊகித்த உருவம் இன்று நிலைக் குறைபாட்டைத் தீர்ப்பதற்குக் கைவிளக்காகப் பயன்படுகிறது. இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

இத்தனை யந்திரங்களுக்கும் பிடிபடாத ஒரு வேலை மட்டும் இன்னும் எஞ்சி நிற்கிறது. அது படிகத்தை விளைவிப்பது. நூற்றுக்கணக்கான கரைசல்களைத் துளித் துளியாக அமைக்கக் கருவி உண்டு. விளைந்த படிகத்தை மெல்லிய ஏட்டோடு லேசர் ஒளியால் வெட்டி எடுக்கும் கருவியையும் கிரெனோபிளில் செய்திருக்கிறார்கள். ஆனால் எந்தத் துளியில் எப்போது விளையும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. சில புரதங்கள் ஓரிரவில் படிகமாகின்றன, சில மாதக்கணக்கில் காக்க வைக்கின்றன, சில மசிவதேயில்லை. கிரெனோபிளுக்குப் போன பாத்திரம் சில வாரங்களில் காலியாகத் திரும்பி வருகிறது. எண்கள் அதற்கு முன்னரே கணிப்பொறியில் வந்து சேர்ந்திருக்கும். மாணவி அவற்றைப் பார்த்துவிட்டு, அடுத்த துளிகளை வைப்பதற்குப் போகிறாள்.